கூதிரின் தூதர்

மேனாட்டாருடைய நான்கு பருவங்களுள் மூன்றாவதை நாம் இலையுதிர்காலம் என்று மொழிபெயர்த்து வகுப்பறைகளிற் கற்பித்து வருகின்றோம். சொல் பிழையானதன்று. ஆயினும் முதல் இலை உதிரும் அன்றே அப்பருவம் பிறந்துவிடுகின்றது என்னும் எண்ணத்தை அது மாணாக்கர் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றது. பிரான்சு தேசத்து நாட்டுப்புறத்தாரைக் கேட்டாற் கதை வேறு. இலையுதிர்வு ஏறத்தாழக் கடைசியாக வந்து சேரும் செய்தி. அதற்கு முன்னரே பல தூதர் ஓசைப்படாமல் வந்து போய்விடுகின்றனர் என்பர். அத்தூதரைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன். நம்மவருட் பலருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் இன்று அந்நாட்டில் வாழ்கின்றார்கள். தொலைபேசியில் “இங்கே குளிர் தொடங்கிவிட்டது” என்று அவர்கள் ஒரு வரியில் முடித்துவிடும் செய்திக்குள் எவ்வளவு அடங்கியிருக்கின்றது என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்துகொள்வது நன்று அல்லவா?

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஐப்பசி கார்த்திகை மாதங்களுக்குக் கூதிர் என்று பெயரிட்டனர். காலத்தால் அது பிரான்சின் இலையுதிர்காலத்தோடு பெரும்பாலும் ஒத்துவரும், குணத்தால் ஒவ்வாது. கூதிரில் நம் நிலம் மழை குடித்துப் பசுமை கொள்ளும். அவர்கள் நிலமோ அப்போதுதான் பசுமையை இழக்கும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, சுருக்கங் கருதி, இக்கட்டுரையில் அப்பருவத்தையும் கூதிர் என்றே அழைக்கின்றேன். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

சென்ற ஆண்டு கல்லூரியில் லீவு பெற்று, புரட்டாதி பிறப்பதற்குச் சற்று முன்னிருந்து ஏழு வாரம், பூர்கோஞ் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில் என் தமக்கையார் குடும்பத்துடன் தங்கியிருந்தேன். ஆங்கிலேயர் பேர்கண்டி என்று சொல்லும் அப்பிரதேசம் திராட்சைக்குப் பெயர்போனது. நான் போய்ச் சேர்ந்தபோது பகலில் நல்ல வெயில். மரங்கள் யாவும் பச்சை. ஆனால் மாலை நேரத்தில் ஒன்று புலப்பட்டது. விளக்கேற்றும் நேரம் நாள்தோறும் முந்திக்கொண்டே வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே மேல். பாரிஸ் நகரிலோ ஆனி மாதத்துப் பகல் 16 மணித்தியாலம். மார்கழி மாதத்துப் பகல் எட்டேகால் மணித்தியாலம். செப்டெம்பர் மாதத்தில் நாளொன்றுக்கு மூன்றரை நிமிடத்துக்குக் குறையாமற் பகல் தேய்கின்றது. கிழமையொன்றுக்கு ஏறக்குறைய 25 நிமிடம். நமக்கு இவ்வநுபவம் இல்லை. ஊரிலிருந்து புதிதாகப் போய்ச் சேர்ந்த முதியோர் பலரைக் கலங்கச் செய்வது குளிரன்று, பின்னேரத்திலேயே வந்து கவியும் இந்த இருளே என்று தமக்கையார் சொன்னார். இத்தேய்வே முதல் தூதன். மற்றத் தூதருட் பலர் இவனுடைய கட்டளைக்குக் காத்திருப்பவரே.

இரண்டாவது தூதன் புல்வெளியில் இருக்கின்றான். புல்லை அறுத்து உலர்த்திச் சேர்த்த பின் வெறுமையாய்க் கிடக்கும் ஈரமான மேய்ச்சல் நிலங்களில், இலை ஒன்றுமின்றி, மண்ணிலிருந்து நேரே வெளிறிய ஊதாப் பூக்கள் எழுகின்றன. கொல்ஷிக் என்பது அவற்றின் பெயர். அச்செடியின் ஒழுக்கம் விசித்திரமானது. கூதிரிற் பூக்கும், கருவை நிலத்துக்குள்ளேயே வைத்துக் குளிர்காலம் முழுவதும் காக்கும், அடுத்த வசந்தத்திலேதான் இலையும் காயுமாக வெளிப்படும். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாட்டொன்று இப்பூவின் பெயரோடுதான் தொடங்குகின்றது. பூ அழகானது, ஆனால் செடி முழுவதும் நஞ்சு. பெருவிரல் மூட்டைப் பற்றி வருத்தும் ‘கவுட்’ நோய்க்கு மருத்துவர் கொடுக்கும் கொல்கிசின் என்னும் மருந்து இதிலிருந்து வருவதே; அளவு மிஞ்சினால் அதுவே உயிரைக் குடிக்கும். இதிலே நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் வேலிகளிற் படர்ந்து தீச்சுடர்போற் பூக்கும் காந்தள், கார்த்திகைப்பூ என்று நம் பிள்ளைகள் அறிந்தது, இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கிழங்கிலும் விதையிலும் இருப்பதும் அதே கொல்கிசின்தான். ஒரு குடும்பத்தார் இருவர் இரு தேசங்களில் ஒரே உத்தியோகம் பார்ப்பது போல, அதுவும் இதுவும் தத்தம் நாட்டிற் கூதிரை அறிவித்து நிற்கின்றன.

காலை மூடுபனி விலகியதும் புல்நுனிகளில் வெள்ளி நூல்கள் மினுங்கும். சிலந்திக் குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றிலேறி வேறிடம் தேடிச் சென்ற பயணத்தின் எச்சம் அவை. ‘கன்னித்தாயின் நூல்’ என்று அந்நாட்டார் அதற்கு அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். அதே நாட்களில் மின்சாரக் கம்பிகளின் மேல் தகைவிலான் குருவிகள் வரிசை வரிசையாகக் குந்தியிருந்து கூட்டம் நடத்தும். கவர்பட்ட வாலும் செம்மிடறும் உடையவை. மாட்டுத் தொழுவத்து உத்தரங்களிற் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தவை. நாளுக்கு நாள் கூட்டம் பெருகி, ஒரு காலையிற் பார்த்தால் கம்பி வெறுமையாய் இருக்கும். சகாராப் பாலைவனத்தையும் கடந்து ஆபிரிக்காவின் தென்பாகங்களை நோக்கி அவை போய்விட்டன. இதே இனத்துப் பறவை ஆசியாவின் வடபாகங்களிலிருந்து அதே மாதங்களில் நம் இலங்கைக்கு வருகின்றது. அங்கே கம்பி வெறுமையாவது அடையாளம். இங்கே கம்பி நிறைவது அடையாளம்.

இத்தூதரையெல்லாம் ஓர் அரசாங்கம் பஞ்சாங்கத்திலேயே ஏற்றிவைத்த வரலாறு ஒன்று உண்டு. சரித்திர மாணாக்கருக்குப் பயன்படும். பிரான்சில் முடியாட்சி ஒழிந்து குடியரசு பிறந்தது 1792ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் தேதி. அன்றே பகலும் இரவும் சமமாகும் நாளாகவும் அமைந்தது. அதனையே ஆண்டுப் பிறப்பாகக் கொண்டு 1793இல் புதிய நாட்காட்டி ஒன்றை நடைமுறைப்படுத்தினர். மாதங்களுக்குப் பெயர் சூட்டியவர் பாப்ர் தெக்லாந்தீன் என்னும் நாடகாசிரியர். கூதிரின் மூன்று மாதங்களுக்கு அவர் இட்ட பெயர்கள் வாந்தேமியேர், புரூமேர், பிரிமேர் என்பன. முதலாவது திராட்சை அறுவடை, இரண்டாவது மூடுபனி, மூன்றாவது உறைபனி. மூன்று சொல்லில் ஒரு பருவம் முடிந்தது. ஒவ்வொரு நாளுக்கும் பழைய அர்ச்சியசிட்டவர்களின் பெயரை நீக்கி, செடி கொடிகளின் பெயரையும் விலங்கின் பெயரையும் உழவுக் கருவியின் பெயரையும் இட்டனர். ஆண்டின் முதல் நாள் திராட்சை. இரண்டாம் நாள் குங்குமப்பூ. மூன்றாம் நாள் செஸ்ட்நட் என்னும் கொட்டை. நான்காம் நாள், நான் மேலே சொன்ன கொல்ஷிக். பத்தாம் நாள் திராட்சை இரசம் புளிக்கும் மரத்தொட்டி. பெயரிட்டவர் 1794இல் கில்லட்டினுக்குத் தலைகொடுத்தார். 1805ஆம் ஆண்டின் முடிவோடு நாட்காட்டியையும் நெப்போலியன் நீக்கிவிட்டான்.

அந்த முதல் நாளின் பெயர் இன்று பொருந்தாமற் போய்க்கொண்டிருக்கின்றது. செப்டெம்பர் 22இல் திராட்சை பெரும்பாலும் கொடியில் இருப்பதில்லை. இதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பூர்கோஞ் பிரதேசத்தில் போன் என்றொரு பழைய நகரம் உண்டு. முற்காலத்திலே திராட்சையை அவரவர் நினைத்த நாளிற் பறித்துவிட முடியாது. ஊர் அதிகாரிகள் தோட்டங்களைப் பார்வையிட்டு, பழம் முற்றிவிட்டது என்று கண்டு, நாள் குறித்துப் பிரசித்தஞ் செய்த பின்னரே கூடைகள் வெளியே வரும். அந்நாள் ஏட்டிற் பதிவாகும். அந்நகரத் தேவாலயத்துக்குச் சொந்தமான தோட்டங்களிற் பறித்தவர்களுக்குக் கூலி கொடுத்த கணக்குகளும், நகரசபைப் பதிவுகளும், பிற்காலத்துப் பத்திரிகைச் செய்திகளும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. தோமா லபே என்னும் வரலாற்றறிஞரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும் இவற்றையெல்லாம் துருவி, 1354 முதல் 2018 வரை அந்நகரில் அறுவடை தொடங்கிய நாட்களை நிரற்படுத்தி 2019இல் வெளியிட்டனர். வசந்தமும் கோடையும் வெம்மையாய் இருந்தாற் பழம் விரைந்து முற்றும்; குளிர்ந்திருந்தாற் பிந்தும். ஆதலின் பறித்த தேதியைக் கொண்டே அவ்வாண்டின் வெம்மையை மதிப்பிடலாம். வெப்பமானி என்னும் கருவி உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஒரு கணக்கப்பிள்ளையின் கூலி ஏடு வெப்பத்தை அளந்து வைத்திருக்கின்றது! இந்த ஆராய்ச்சி முறையைப் பரவலாக அறியச் செய்தவர் எம்மானுவேல் லெ ருவா லதுரி என்னும் சரித்திராசிரியர். கி. பி. ஆயிரமாம் ஆண்டு முதலான காலநிலை வரலாற்றை அவர் 1967இல் நூலாக வெளியிட்டார்.

ஏடு சொல்வது இது. 1354 முதல் 1987 வரை, ஆண்டுக்காண்டு ஏறியிறங்கினும், அறுவடை தொடங்கிய சராசரி நாள் செப்டெம்பர் 28. 1988 முதல் 2018 வரையோ அதற்குப் பதின்மூன்று நாள் முந்தி. 2003ஆம் ஆண்டின் கடுங்கோடையில் ஓகஸ்ட் மாதத்திலேயே பறித்து முடித்தவர் பலர். அறுநூறு ஆண்டு ஏறியிறங்கியும் தன் இடத்தை விட்டு அகலாத ஒரு நாள், ஒரு தலைமுறைக்குள் இரண்டு கிழமை நகர்ந்துவிட்டது.

இது தேதிக் கணக்கு மட்டும் அன்று. குளிர்ந்த இரவுகளில் மெல்ல முற்றும் பழத்திற் புளிப்பும் இனிப்பும் சமனாய் நிற்கும். வெயிலில் விரைந்து முற்றுவதில் இனிப்பு மிகும், புளிப்புக் குறையும், மது கடுமையாகும். தலைமுறை தலைமுறையாக ஒரே சுவையைக் காத்து வந்த குடும்பங்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. பறிக்கும் கூலியாளருக்கோ உயிர்ப் பிரச்சினை. 2023 செப்டெம்பரில் ஷாம்பேன் பிரதேசத்தில் கொளுத்தும் வெயிலின் நடுவே அறுவடைக்கு வந்தவர் சிலர் இறந்தனர். வெப்பமே காரணமோ என்று விசாரணை நடந்தது. எங்கள் அயல்வீட்டில் ஒரு மூதாட்டியார் இருந்தார். 1950களில் அந்நாட்டுப் பள்ளிகள் ஒக்டோபர் முதலாந் தேதியே திறக்கப்பட்டன. ஆதலாற் சிறுமியாய் இருந்த காலத்தில் அவர் அறுவடைக்குப் போய்விட்டே பள்ளிக்குப் போனவர். அவர் சொன்னதை என் மருமகள் தமிழாக்கித் தந்தாள்: “அப்போது பறிக்கும்போது விரல் விறைக்கும். தோட்டத்தின் ஓரத்தில் நெருப்பு மூட்டிக் கையைக் காய்ச்சுவோம். இப்போது வருகிற பிள்ளைகள் நிழல் எங்கே என்று கேட்கிறார்கள்.”

ஆக, தூதர் இரு வகையினர் என்று எனக்குப் பட்டது. பகலொளியின் அளவைப் பார்த்துப் புறப்படுவோர் ஒருவகை. வெம்மையைப் பார்த்துப் புறப்படுவோர் மற்றொருவகை. முற்காலத்தில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தனர். அதனாலேதான் ஒரு நாடகாசிரியர் அவர்களை ஒரே மாதத்தில் அடுத்தடுத்து நிறுத்த முடிந்தது. சூரியன் தன் கணக்கை மாற்றுவதில்லை. வெம்மையின் கணக்கு மாறிவிட்டது. ஒரு சாரார் பழைய நாளில் வர, மறுசாரார் முந்தியோ பிந்தியோ வருகின்றனர். நாட்டுப்புறத்தாரின் பழமொழிகளெல்லாம் இவ்விரு சாராரும் சேர்ந்து வந்த காலத்தில் உருவானவை. அவற்றை நம்பி விதைப்பதா, விடுவதா என்பது இன்று அங்குள்ள உழவனின் உண்மையான தலைவலி.

இலையே இப்போது பொய் சொல்லத் தொடங்கியிருக்கின்றது. 2022இல் பிரான்சில் கடும் வறட்சி. ஓகஸ்ட் மாதத்திலேயே மரங்கள் இலையைக் கொட்டின. காட்டு வழியெல்லாம் சருகு. பதின்மூன்று வயதான என் மருமகள் அதை நினைவு வைத்திருந்தாள். ஒருநாள் உலாவப் போனபோது வழியிற் கிடந்த இரண்டு இலைகளை எடுத்து என் கையில் வைத்து, “மாமா, இதைப் பாருங்கோ. இது பழுத்த இலை. இது காய்ஞ்ச இலை. இரண்டும் விழுந்ததுதான். ஆனால் இதை மரம் விட்டது, அது மரத்தை விட்டது” என்றாள். தாவரவியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது.

பழுக்கும் இலையில் நடப்பது ஓர் ஒழுங்கான கணக்கு முடிப்பு. பகல் குறுகி இரவு குளிர்ந்ததும், மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள பயனுள்ள சத்துக்களைத் தண்டுக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கின்றது. பச்சை போனதும், அதுவரை அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. மஞ்சள் புதிதாக வந்ததன்று. வசந்தம் முதல் அங்கேயே இருந்தது. சிவப்போ அப்படியன்று, சில மரங்கள் அவ்வேளையில் அதனைப் புதிதாகவே ஆக்குகின்றன. பின்னர் காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு படை வளர்ந்து வழியை அடைக்க, இலை காற்றில் விழுகின்றது. வறட்சியிற் காய்ந்த இலையிலோ சத்தைத் திருப்பி எடுக்க மரத்துக்கு அவகாசம் கிடைப்பதில்லை. முதலும் போய் வட்டியும் போன கதை. இன்னொன்று: இளம் ஓக் மரங்களும் பீச் மரங்களும் காய்ந்த இலையை உதிர்க்காமலே குளிர்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இலையுதிர்காலத்தில் இலையுதிர்க்காத மரம்! நம் மொழிபெயர்ப்புச் சொல்லுக்கு அவை கீழ்ப்படியவில்லை.

செப்டெம்பர் மழைக்குப் பின் காடுகளிற் காளான் தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங் குடும்பமாகக் கூடையோடு புறப்பட்டுவிடுவர். நல்லதையும் நஞ்சையும் பிரித்தறிய, பறித்ததை மருந்துக் கடைக்குக் கொண்டு போய்க் காட்டுவது அந்நாட்டு வழக்கம். மருந்தாளர் படிப்பில் காளானியலும் ஒரு பாடம். தெற்கே செவென் மலைச் சாரல்களில் ஒக்டோபரில் செஸ்ட்நட் கொட்டைகள் முள்தோடு வெடித்து விழும். ஏழை மலைவாழ் மக்களுக்கு ஒருகாலத்தில் அதுவே சோறு. ‘ரொட்டி மரம்’ என்றே அதனை அழைத்தனர். நம்மூர் ஈரப்பலாவோடு அதனை மயக்கிக்கொள்ளலாகாது. தனிக் குடிசைகளில் புகையிட்டு உலர்த்தி, நாம் ஒடியலைச் சேமிப்பது போல மாரிக்குச் சேமித்தனர். ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன், மொடெஸ்டீன் என்னும் கழுதையோடு இம்மலைகளை நடந்து கடந்தது 1878இல். அவர் புறப்பட்ட நாளும் செப்டெம்பர் 22 என்பதை மாணாக்கர் கவனிக்கலாம்.

நவம்பர் முதலாந் தேதி சகல அர்ச்சியசிட்டவர் திருநாள். அதற்கு ஒரு கிழமை முன்னரே கடைகளின் வாசலெல்லாம் செவ்வந்திப் பூச்சட்டிகள் நிறைந்துவிடும். இரவு நீண்டாலன்றி அரும்பு கட்டாத செடி அது. ஒளியின் கட்டளைக்கு அடங்கிய தூதருள் மிகக் கண்டிப்பானது. மக்கள் அவற்றை வாங்கிக் கொண்டு போய்க் கல்லறைகளைக் கழுவித் துடைத்து அங்கே வைப்பர். நாம் மங்கல காரியங்களுக்கு மாலை தொடுக்கும் பூ அங்கே இறந்தோருக்கு உரியது. ஆதலின், பிரான்சுக்குப் புறப்படும் அன்பர்கள் யாரேனும் விருந்துக்கு அழைத்த வீட்டுக்குச் செவ்வந்தி வாங்கிச் செல்லாதிருப்பாராக. நவம்பர் 11ஆந் தேதியை அடுத்துச் சில நாள் மீண்டும் இளவெயில் காய்வதுண்டு, அதற்கு ‘அர்ச். மார்ட்டினின் கோடை’ என்று பெயர். விறகு அடுக்காதவர் அந்நாட்களில் அடுக்கி முடித்துக்கொள்வர்.

கடைசித் தூதர் ஆகாயத்திற் போவோர். ஒக்டோபர் பிற்பகுதியில் ஓர் இரவு தமக்கையார் என் அறைக் கதவைத் தட்டி, “தம்பி, எழும்பி வா, கேள்” என்றார். சன்னலைத் திறந்தோம். மேகத்துக்கு மேலே, எக்காளத்தைத் தூரத்தில் ஊதுவது போன்ற ஒலி ஒன்று வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நகர்ந்துகொண்டிருந்தது. வடதேசங்களிலிருந்து வரும் சாம்பல்நிறப் பெருங்கொக்குகள் அவை. வடகிழக்கிலிருந்து குளிர்காற்று எழுந்ததும் அதன் முதுகிலேறிப் புறப்படுவன. அக்காற்றை அங்கே ‘பீஸ்’ என்பர். நமக்கு வாடை எதுவோ, அவர்களுக்கு அது. போகும் வழியில் ஷாம்பேன் பிரதேசத்தில், 1974இல் நீர் நிரப்பப்பட்ட டெர் என்னும் பெரிய ஏரியில் இறங்கித் தங்கும். சில ஆண்டுகளில் ஒரே நாளில் இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அங்கே எண்ணியிருக்கின்றனர். முற்காலத்தில் அவற்றுட் பெரும்பாலானவை ஸ்பானியா சென்றே குளிர்காலத்தைக் கழித்தன. குளிர் தணிந்துவரும் இக்காலத்தில், பல்லாயிரம் பறவைகள் அவ்வளவு தூரம் போவானேன் என்று பிரான்சிலேயே நின்றுவிடுகின்றன.

அன்றிரவு கடந்து போனவை ஸ்பானியா வரை போயினவா, வழியில் நின்றனவா என்று மருமகளுக்கு எழுதிக் கேட்டிருக்கின்றேன். பள்ளியிற் சோதனைக் காலமாம். பதில் இன்னும் வரவில்லை.